வஹாப் பாயைக் கூப்பிடு

என் புருஷன் சவுரிராயனுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அப்படித்தான் அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. முகையூரில் என் அக்காள் புருஷன் கூரையில் ஒரு ஓலை நழுவினால் ஊரெல்லாம் ஆள் தேடுவார். இவர் அப்படியில்லை. கூரை வேய்வார், கட்டில் பின்னுவார், செருப்புத் தைப்பார், தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வார். அந்தத் தலையோடு அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது நான் கொஞ்சம் தள்ளித்தான் நடப்பேன்.

ஒரு தடவை எனக்கு ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தார். பிரம்மதேசத்தில் தையல்காரர் ஒருவர் சும்மாதானே இருக்கிறார் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. தைத்து முடித்ததும் போட்டுப் பார்த்தால் ஒரு கை போனது, மறு கை போகவில்லை. துணியில் கோளாறு இல்லை, உன் கைதான் கோணல் என்று சொன்ன புண்ணியவான் அவர். இன்னொரு தடவை விரல் பிசகிக்கொண்டது. கட்டுப் போடுகிறவர் பக்கத்து ஊரிலேயே இருந்தார். போகவில்லை. தானே இழுத்துத் தானே கட்டினார். அந்த விரல் கடைசி வரைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது சிரிக்கிற விஷயம் இல்லை. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக யாராவது கூப்பிட்டால் போகிறவர்கள். விடியும்போது ரெட்டியார் வீட்டு ஆள் தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். நடவுக்குக் கூப்பிடுவான், மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கக் கூப்பிடுவான், செத்த மாட்டைத் தூக்கக் கூப்பிடுவான். நாங்கள் போவோம். ஒருத்தரை வேலைக்கு வாருங்கள் என்று கூப்பிட எங்கள் வாய் பழகவே இல்லை. கூப்பிட்டால் பெரிய மனுஷனாகிவிட்டான் பார் என்று ஊர் சிரிக்கும் என்று அவருக்குக் கூச்சம். உழைக்கிறவனுக்கு ஆகாத வேலை ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்ள அதைவிடக் கூச்சம்.

"நாமளே கூலிக்குப் போறவங்க. நாம போயி இன்னொருத்தரக் கூலிக்குக் கூப்பிடறதா மே?" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஜெர்மன்காரன் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் எங்களுக்குச் சர்க்கார் தரிசில் கொஞ்சம் நிலம் கிடைத்தது. பிரம்மதேசத்துக்குக் கிழக்கே, முள்ளும் கல்லுமான மேட்டு நிலம். அதை வாங்கின அன்றைக்கு அந்த மனுஷன் ஒரு பிடி மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். எனக்கும் அழுகை வந்துகொண்டுதான் இருந்தது. அவங்க அப்பா, அவங்க தாத்தா யாருக்கும் சொந்தமாக ஒரு வரப்பு இருந்ததில்லை. கேப்பை போடலாம், மல்லாட்டை போடலாம், தண்ணீர் மட்டும் இருந்தால் போதும்.

கிணறு வெட்ட ஆரம்பித்தோம். அவரும் நானும், பக்கத்து வீட்டு மாரியப்பனும். மாரியப்பன் இவருக்குத் தம்பி மாதிரி, அண்ணன் சொன்னால் மறுபேச்சு இல்லாத பிள்ளை. மண் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இவர் கீழே வெட்டுவார், நாங்கள் கப்பியில் கயிறு போட்டுக் கூடையை இழுப்போம். என் மகள் ஜெயத்தை மரத்தடியில் தூளி கட்டிப் போட்டிருப்பேன். மாசி மாசத்தில் பாறை வந்துவிட்டது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் ணங்கென்று திரும்பி வந்தது. கீழே பாறை இடுக்கில் ஈரம் தெரிந்தது. அடியில் தண்ணீர் இருக்கிறது, நடுவில் இந்தக் கல்தான் படுத்திருக்கிறது.

பாறையை உடைக்க வெடி போட வேண்டும். எங்கள் பக்கத்தில் வெடி என்றால் அப்துல் வஹாப் பாய்தான். அவருக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். திண்டிவனத்தில் குடியிருந்தார். திருவிழாவுக்கு வாணம் செய்வார், கிணற்றுக்கு வெடி போடுவார், சர்க்கார் லைசென்ஸ் வைத்திருந்தார். ரெட்டியார் கிணறு வெட்டினபோது அவர்தான் வந்தார். நானும் என் புருஷனும் அந்தக் கிணற்றில் கல் சுமந்தோம். உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பாறையில் துளை போடுவதைத் தமரு அடிப்பது என்பார்கள். அதையும் எங்கள் ஆட்களே அடித்தார்கள். பாய் அந்தக் குழிகளில் மருந்தை அடைத்துத் திரி வைப்பார். வைத்தபின் எல்லோரையும் மேலே ஏற்றிப் புளியந்தோப்புக்குப் பின்னால் போகச் சொல்லுவார். போய்க் கஞ்சி குடியுங்கள், நான் கூப்பிடுகிறபோது வந்தால் போதும் என்பார்.

அதனால் வெடி நேரம் எங்களுக்குக் கஞ்சி நேரம். தோப்புக்குப் பின்னால் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறப்போம். டமார் டமார் என்று சத்தம் கேட்கும். கஞ்சி குடித்து, வெற்றிலை போட்டு, கொஞ்சம் காலை நீட்டிப் படுப்போம். பாய் கூப்பிடுவார். போய் உடைந்த கல்லை அள்ளுவோம். சில நாள் கூப்பிடாமல் அவரே தோப்புக்கு வந்து, இன்றைக்கு வேலை போதும், வீட்டுக்குப் போங்கள் என்பார். அரை நாள் கூலி போச்சே என்று அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவோம். கிணற்றடியில் அவர் என்ன செய்தார் என்று நாங்கள் ஒருத்தரும் பார்த்ததில்லை.

பாறை வந்த அன்றைக்கே பாயைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். சோறு போடும்போது சொன்னேன், படுக்கப் போகும்போது சொன்னேன். பூசைக்குப் போகிற வழியிலும் சொன்னேன். என் தொணதொணப்புத் தாங்காமல் மாரியப்பன்கூட மெதுவாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான். பாய்க்குக் கூலிக்குப் பதிலாக மல்லாட்டை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், நல்ல மனுஷன் என்றும் சொன்னேன். அதற்கும் அசையவில்லை.

"ரெட்டியாரு கெணத்துல தமரு அடிச்சது யாரு? நானு. கல்லு அள்ளுனது யாரு? நானு. இவ்ளோ வேல பண்ணவனுக்கு அந்தத் திரியப் பத்த வைக்கத் தெரியாதா மே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கல்லுடைக்கிற இடத்தில் அவருக்குத் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். ரயிலேறிப் போய் அவனைப் பிடித்து, மருந்தும் திரியும் ஒரு துணிப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். திருட்டுச் சரக்கு. அந்தப் பையைக் கூரையில் செருகி வைத்திருந்த வரைக்கும் நான் அடுப்பை வெளியில்தான் மூட்டினேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் வெடி போட்டார். நாலு குழி. நாலிலும் மருந்தை அடைத்துத் திரி வைத்து, பற்ற வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து விறுவிறுவென்று மேலே வந்துவிட்டார். பாய் செய்வது போலவே எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார். மூன்று பேரும் ஓடிப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். நான் ஜெயத்தின் காதைப் பொத்தினேன். டமார் என்று ஒன்று. கல் பறந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதோடு அடங்கிப்போச்சு.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு ஞானஸ்நானம் வாங்கினவர் போல இருந்தது. பார்த்தியா, பார்த்தியா என்று என்னைத் தோளில் தட்டினார். ரெண்டு சத்தம்தானே கேட்டது என்றேன். மற்ற ரெண்டும் சேர்ந்து வெடித்திருக்கும் என்றார். எனக்கு அப்படிப் படவில்லை என்றேன். உனக்கு என்றைக்குத்தான் பட்டது என்றார். அப்புறம் கஞ்சி குடித்தார். ரெட்டியார் கிணற்றில் செய்தது போலவே நிதானமாகக் குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மாரியப்பனைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி இறங்கினார். கஞ்சி குடித்தாகிவிட்டது, இனி இறங்கலாம். அவருக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

மூன்றாவது வெடி அவர் கீழே நிற்கும்போது வெடித்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. புகை வெளியே வந்துகொண்டே இருந்தது. மாரியப்பன் கயிற்றைச் சுற்றின கையோடு பின்னால் விழுந்து கிடந்தான். ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். புகை விலக விலகக் கீழே அவர் தெரிந்தார். இடுப்புக்குக் கீழே கல் மூடியிருந்தது. தலை அசைந்தது. உயிர் இருக்கிறது. மாதாவே, உயிர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடித்து இறங்கப் போனேன்.

"எறங்காத மே." குரல் தெளிவாக வந்தது. "யாரும் எறங்கக் கூடாது. இன்னும் ஒன்னு வெடிக்கல. என் தலமாட்டுலதான் கீது."

நான் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சத்தம் கேட்டு வயலில் இருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள், இன்னும் ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் பின்னால் போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை குட்டிக்காரர்கள். அந்த வெடி இப்போது வெடிக்குமா, நாளைக்கு வெடிக்குமா, வெடிக்கவே வெடிக்காதா, அதை என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. உயிரோடு ஒரு மனுஷன் கீழே கிடக்கிறார், மேலே ஒரு ஊரே நிற்கிறது, ஆனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போதுதான் அவர் சொன்னார்.

"வஹாப் பாயக் கூப்பிடு மே."

மாரியப்பன் ரெட்டியார் வீட்டு சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பறந்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் கிணற்று விளிம்பில் படுத்துக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் போய்விடுவாரோ என்று பயம். ஜெயத்துக்குப் பல் முளைத்த கதை, என் அக்காள் புருஷன் ஓலைக்கு ஆள் தேடின கதை, வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். நடுவில் திட்டவும் திட்டினேன். அவர் உம் கொட்டுவார். ஒரு தடவை தண்ணீர் கேட்டார். பக்கத்தில் ரெண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கினால் ஏதாவது தட்டி வெடித்துவிடுமோ என்று எல்லோரும் தடுத்தார்கள். துணியை நனைத்து அவர் முகத்துக்கு நேராகப் போட்டேன். அது வேறு பக்கம் போய் விழுந்தது.

பாய் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. தாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டார்.

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"மருந்து நனஞ்சா வெடிக்காதேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். காலையிலிருந்து அந்தக் குடங்கள் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தன.

பாய் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்து, எந்தக் குழிப்பா வெடிக்கவில்லை என்று கேட்டார். என் புருஷன் கையைத் தூக்கிக் காட்டினார். பாய் எங்கள் வாளியைக் கயிற்றில் கட்டி, பாறையில் படாமல் சுவரோரமாக இறக்கி, அந்தக் குழிமேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். ஒரு வாளி, இன்னொரு வாளி. தண்ணீர் என் புருஷன் முகத்திலும் ஓடியது. அவர் நாக்கை நீட்டி நக்கிக்கொண்டார். ஊறட்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று பாய் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிர் துடித்தது. ஜல்தியா இறங்குங்க பாய் என்று அவர் காலைப் பிடித்தேன். அவர் இறங்கவில்லை.

கீழேயிருந்து குரல் வந்தது. "பாய்… நாங்க கஞ்சி குடிக்கப் போனப்புறம் நீங்க இன்னா பண்ணுவீங்க?"

பாய் விளிம்பில் குனிந்துகொண்டார். அப்புறம் சொன்னார். "ஒன்னும் பண்ண மாட்டேம்பா. சும்மா உக்காந்துக்கினு எத்தினி வெடிக்குதுன்னு கேப்பேன். ஒன்னு கொறஞ்சாலும் தண்ணிய ஊத்திட்டு, உங்கள ஊட்டுக்கு அனுப்பிச்சிடுவேன்."

அரை நாள் கூலி போச்சே என்று நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டு வந்த நாட்களெல்லாம் எனக்கு ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தந்த நாளில் எங்களில் யாரோ ஒருத்தர் அவரால் உயிரோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"அவ்ளோதானா பாய்?" என்றார் என் புருஷன்.

"அவ்ளோதாம்பா."

பாய் தானே முதலில் இறங்கினார். நனைந்த குழியைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். அப்புறம் நாலு பேர் இறங்கிக் கல்லைப் புரட்டினார்கள். எப்படித் தூக்க வேண்டும், எந்தக் கல்லை முதலில் எடுக்க வேண்டும் என்று பாய் ஒவ்வொன்றாகச் சொன்னார். என் புருஷனைக் கட்டிலோடு கட்டி மேலே ஏற்றினபோது நான் இடுப்புக்குக் கீழே பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தேன். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜட்காவில் படுக்க வைக்க முடியாது. மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போகிற முருகையன் தன் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே கோணி விரித்துக் கொண்டு வந்தார். ஜெயத்தை மாரியப்பன் பெண்சாதியிடம் விட்டுவிட்டு நான் ஏறி உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பாய் பின்னால் ஜட்காவில் வந்தார்.

முருகையன் மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் மாட்டை நிறுத்தி, சக்கரத்தைப் பார்த்து, ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படிப் போனால் எப்போது போய்ச் சேருவது? என் மடியில் அவர் உடம்பு கனத்துக்கொண்டே வந்தது. மாட்டை அடிங்க என்றேன். வேகமாகப் போனால் குலுக்கும் அண்ணி, அண்ணன் உடம்பு தாங்காது என்றார் முருகையன். நான் கேட்கவில்லை. சிறு வயதில் எங்கள் அப்பா கூலிக்கு ஓட்டின வண்டியை நானும் ஓட்டியிருக்கிறேன், எனக்கும் தெரியும். எட்டி அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினேன்.

என் புருஷன் கண்ணைத் திறந்தார். கோணல் விரலோடு அந்தக் கை மெதுவாக எழுந்து என் முழங்கையைத் தொட்டது.

"குட்த்துடு மே. அவரு ஓட்டட்டும். அவருக்குத் தெரியும்."

நான் கயிற்றைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. முருகையன் முன்னைவிட மெதுவாக ஓட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஜெபமாலை சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் முருகையன் இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பாயும் வந்து நின்றார். குனிந்து என் புருஷன் கண்களை மூடிவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த மனுஷன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். யோவ், இந்த ஒரு வார்த்தையை மாசி மாசத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, அவருக்குத் தெரியும், அவர் பண்ணட்டும் என்று ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நேரமா என்று ஊரே கேட்கக் கத்தினேன். உள்ளேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவரைத் தூக்குவதற்கு முன்னால் என்னைத்தான் பிடித்து இறக்கினார்கள்.